டாமரக் ரிவர் தொகுதியின் கடைசி உறுப்பினருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு ஐலா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? ஒட்டாவாவில் விடாத மழை என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே ஏரி உறைந்துவிட்டது. உன் மருமகன் லூக் சுரங்க வேலைக்குப் போயிருக்கிறான், அடுத்த வாரம் வருவான். வேராவுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. நன்றாக இருக்கிறாள். நான்தான் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விசாரணைக் கூட்டத்தில் ஏன் அப்படிப் பேசினாய் என்று பத்திரிகையைப் பார்த்துவிட்டு போனில் கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

தொகுதி எல்லைகளைத் திருத்தும் ஆணையத்தார் கர்லிங் கிளப்பில்தான் உட்கார்ந்தார்கள். அன்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு, கட்சி உன்னை விடவில்லை. உனக்குப் பதில் நான் வேராவைத் தூக்கிக்கொண்டு போனேன். டோரீன் வெண்ணெய்ப் பணியாரம் சுட்டு வந்து, ஆணையத்தின் தலைவரான நீதிபதிக்கு முதலில் நீட்டினாள். “சாப்பிடுங்க ஐயா, வயிறு நெறஞ்சா கோடு கொஞ்சம் தள்ளிப் போடுவீங்க” என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

கிளப்பில் ஆட்டத்தளத்துக்கு ஐஸ் போடுகிற எர்ல் எழுந்து, சுவரில் இருக்கும் நான்கு உறுப்பினர்களின் படங்களையும் காட்டித் தொகுதியின் கதையைச் சொன்னார். “முதல் ஆளு மர வியாபாரி. ரயிலோட கடைசிப் பெட்டியில நின்னு பேசுவாரு, கீழ எறங்க மாட்டாரு. வண்டி கெளம்பினா பேச்சும் முடிஞ்சிடும். ரெண்டாவது டாக்டர். என்னப் பொறக்க வச்சதே அவருதான், எங்கம்மா ஓட்டை வேற யாருக்குப் போடுவா? மூணாவது ஆளு பதினாறு வருசம் இருந்தாரு. அவரு குரல் எப்படி இருக்கும்னு இங்க ஒருத்தரச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்.” கூடமே சிரித்தது. “நாலாவது நம்ம கைஜா. இந்த ஊர்லயே வளந்தவ. அவ ஒருத்திதான் எங்க ஆளு” என்று முடித்தார். உன் படத்துக்கு அடுத்து எப்போதும்போல ஒரு வெற்று ஆணி இருந்தது.

நீதிபதி, “இப்போதைய உறுப்பினரைச் சந்திப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுதிக் கொண்டுபோன தாளில் மக்கள்தொகை, சாலை எல்லாம் இருந்தது. அதைப் படிக்கவில்லை. உறுப்பினர் என் அம்மா என்றேன். இவள் பிறந்து எட்டு மாதமாகிறது, பாட்டி இவளை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள் என்றேன். இருக்கிற தொகுதியே இப்படி, இதைவிடப் பெரிதாக்கினால் எப்படி என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் பேசினேன். தொகுதிக்காகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்தேன்.

இறுதி அறிக்கையை நீயும் பார்த்திருப்பாய். நம் தொகுதி இனி இல்லை. போர்ட் எட்கர்–கிரீன்வுட்–டாமரக் ரிவர். பெயரின் வாலில் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எர்ல் அறிக்கையைப் படித்துவிட்டு, “பணியாரத்துக்கு இவ்வளவுதான் கெடைச்சுது” என்றார். பிறகு அந்த வெற்று ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

புதிய தொகுதியில் நிற்கிறாயா என்று கட்சி கேட்டிருப்பதும், இந்த மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும் ஊருக்கே தெரியும். டோரீன் உன்னிடம் சொல்லச் சொன்னாள்: “உங்கம்மா நிக்கலன்னா, போர்ட் எட்கர்க்காரன் எவனோ வந்து நம்ம ஊரு எந்தப் பக்கம்னு கேப்பான்டி. நிக்கச் சொல்லு.” சொல்லிவிட்டேன். அவள் சொல்வதில் தப்பில்லை.

இன்னொரு விஷயம். செப்டம்பரில் காய்ச்சல் ஏறி வேராவுக்கு வலிப்பு வந்தது. லூக் ஊரில் இல்லை. நர்ஸ் வந்து, விமானம் வந்து, போர்ட் எட்கர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தோம். இந்தக் காய்ச்சல் வலிப்பு வளர வளர நின்றுவிடும் என்கிறார்கள். போனில் சொன்னால் உடைந்துவிடுவேன் என்று உனக்குக் கடிதம் எழுதினேன். ஊரில் எல்லோரும் செய்வதுபோல, உறுப்பினருக்குப் போடும் கடிதத்துக்குத் தபால் செலவு இல்லையே என்று தபால்தலை ஒட்டாமல் உன் அலுவலகத்துக்குப் போட்டேன். பதில் வந்தது. “மதிப்புக்குரிய தொகுதிவாசிக்கு, வடபகுதி மருத்துவ வசதி குறித்த உங்கள் கவலையைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி.” கீழே உன் கையெழுத்து, அச்சில். உறையில் என் பெயரோடு இருந்தது லூக்கின் குடும்பப் பெயர்; எழுதியது உன் மகள் என்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? முதல் வரியில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தேன். வருகிற கடிதங்களில் முதல் வரியை யார் படிக்கிறார்கள்?

நீ அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. அதன்பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்றபோது அந்தப் பதில் என் பையில் இருந்தது. அதை நான் படித்துக் காட்டவில்லை அம்மா.

நிற்பதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். நீ எதைச் செய்தாலும் நன்றாக இரு. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. வேரா இப்போது யார் கை நீட்டினாலும் போகிறாள். புது ஆள் என்று அழுவதில்லை.

இந்தக் கடிதத்தை உன் வாடகை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

உன் மகள்,
ஐலா