பதினெட்டு 'சூப்பர்'

செவ்வாய், இரவு.

பாதி வீடியோவிலும் மீதி விழுப்புரம் கம்ப்யூட்டர் டீச்சரிடமும் கற்று, ஐம்பத்திரண்டு வயதில் என் ஜோக்குகளுக்கு ஒரு வலைப்பக்கம் செய்தேன். லிங்க்கைப் போன வாரம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினெட்டு பேர் 'சூப்பர்' என்றார்கள். சின்ன மச்சினி மட்டும், "தொறக்கவே மாட்டேங்குது மாமா, அரைமணி நேரமா தட்டிக்கினு இருக்கேன்" என்றாள். அவள் போன்தான் ஓட்டை என்று ஊரெல்லாம் கேலி செய்தேன்.

இன்று டீச்சர் லிங்க்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சார், இது உங்க கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் தெரியும். வேற யாருக்கும் தொறக்காது."

திண்டிவனம் வரை பஸ்ஸில் அந்தப் பதினெட்டு சூப்பரையும் படித்துக்கொண்டே வந்தேன். மச்சினிக்குப் போன் போட வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, என் பக்கத்தை நானே திறந்தேன். 'வாங்க, உக்காருங்க' என்று பெரிய எழுத்தில் வரவேற்றது. உட்கார்ந்தேன்.