நீர் காணாத முற்றத்துக் கலம்

கழியும் கடலும் காவல் நிற்கும் வெண்மணல் நாட்டின் தலைநகராம் பேரெயிலூரில் வீற்றிருந்து, அரசர் பெருமானின் வலக்கையாய் நாடு காத்தருளும் பேரமைச்சர் விழுப்பரையர் திருமுன்பு, ஓதவாய்த் துறையின் தொழில் ஆணையரும் உப்பளத்து நன்னனின் மகளுமாகிய சேந்தி வணங்கி வரையும் ஓலை. தங்கள் நகரின் ஏரிகள் நிறைக. மதில்கள் உயர்க. அரண்மனை அடுப்பில் என்றும் புகை எழுக. இங்கே கலம் கட்டும் பட்டறையில் குங்கிலியப் பிசின் காய்ச்சும் அடுப்புகள் பாதிக்குமேல் அணைந்து கிடப்பதால், வாழ்த்தை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு செய்திக்கு வருகிறேன்.

சங்குத் தீவிலிருந்து கலத் தச்சர்களை வரவழைக்கும் ஒப்பந்த ஓலை தங்கள் முத்திரைக்குக் காத்திருக்கிறது. அதில் முத்திரை இட வேண்டாம். இதைக் கேட்கவே எழுதுகிறேன். அவர்கள் வந்து இறங்கிவிட்டால், அரசர் இவ்வூரில் நிறுவிய பயிற்சிச் சாலையில் படித்த பிள்ளைகளுக்கு இந்தத் தலைமுறையில் பட்டறைக் கதவு திறக்காது.

கைதேர்ந்தவர் ஊரில் இல்லை என்று பட்டறைத் தலைவர் திட்டையனார் தங்களுக்கு எழுதினார். தேர்ந்தவரைத் தவறாமல் அனுப்புகிறேன், பட்டறைதான் ஏற்பதில்லை என்று சாலை ஆசிரியர் அறவாழியார் எழுதினார். இரண்டும் உண்மை. பட்டறைக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது ஒரு மணல்மேடு. அதைத் தாண்டி ஒருவர் வாயிலில் மற்றவர் ஒருநாளும் போய் நின்றதில்லை. மாறாக, காத வழி கடந்து தங்களுக்கு ஓலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பட்டறையின் வழக்கம் தாங்கள் அறிந்ததே. நீர் கண்ட கலத்தில் வேலை செய்த கைதான் புதுக் கலத்தைத் தொடலாம். பட்டறைக்காரர் பிள்ளைகள் தகப்பனோடு போய்ப் பழைய கலங்களைச் செப்பனிட்டு அந்தத் தகுதியைப் பெற்றுவிடுவார்கள். அவர்களோ இப்போது வணிகக் கலங்களில் ஏறித் தூரதேசம் போய்விட்டார்கள். மற்றவர் உள்ளே வர வழியில்லை.

சாலையின் வழக்கம் இதைவிடக் கொடுமை. அதன் முற்றத்தில் ஒரு கலம் நாட்டிய மரக்கால்கள்மேல் நிற்கிறது. மாணவர் அதன் பலகை இடுக்குகளில் நாரும் குங்கிலியமும் வைத்து அடைப்பார்கள். ஆசிரியர் தட்டிப் பார்த்து, ஓசை கெட்டியாயிருந்தால் தேர்ச்சி என்பார். பிறகு அடைத்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு அடுத்த அணியிடம் கொடுப்பார். சாலை தொடங்கிய நாள்முதல் அந்தக் கலம் மழையைத் தவிர வேறு நீரைக் கண்டதில்லை. அதில் முதல் தேர்ச்சி பெற்ற தத்தை என்னும் பெண், பட்டறை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டு, இன்று சுண்ணாம்புக் காளவாயில் சிப்பி சுடுகிறாள். அவளைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இந்த ஓலையில் எழுதினால் ஏடு கருகும்.

ஆகவே, தாங்கள் அளித்த கணையாழியைக் காட்டி, அந்த முற்றத்துக் கலத்தைக் கழிமுகத்துக்கு இழுத்துவரச் செய்தேன். தத்தையையும் மற்ற மாணவரையும் அழைத்தேன். ஊரே கரையில் கூடிற்று. கடலின் ஓதம் ஏறியது. கலத்துக்குள்ளும் ஏறியது.

"ஏம்மா ஆணையரே, கலம் மிதக்க வந்துச்சா, குளிக்க வந்துச்சா?" என்று பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். தத்தை இடுப்பளவு நீரில் இறங்கி, ஒழுகும் இடுக்கில் மேலும் மேலும் நாரைத் திணித்து மரச்சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தாள். கரையில் கைகட்டி நின்ற திட்டையனாருக்கு அது பொறுக்கவில்லை. பட்டுமேலாடையோடு சேற்றில் இறங்கிவிட்டார்.

"அடி பொண்ணே, விடு அந்தக் கொட்டாப்புளியை! இப்படி இறுக்கி அடிச்சா, பலகை நனைஞ்சு ஊதுறப்போ நார் எங்க போகும்? உன் தலைக்கா?"

"முற்றத்துல பலகை ஊதவே இல்லையேங்க. ஊதும்னு யாரு சொன்னா?"

திட்டையனார் கரையில் நின்ற ஆசிரியர் அறவாழியாரைப் பார்த்தார். தம்மிடம் எவரும் உரைத்ததில்லை என்றார் ஆசிரியர். "நீர் வந்து கேட்டீரா?" என்றார் திட்டையனார். "நீர் வந்து சொன்னீரா?" என்றார் ஆசிரியர். சற்று நேரத்தில் ஆசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குங்கிலியச் சட்டியை ஏந்தி நின்றார். திட்டையனார் வைதுகொண்டே காட்டினார். மாணவர் பிடுங்கினார்கள், தளர்த்தி வைத்தார்கள், மறுபடி அடைத்தார்கள். அடுத்த ஓதத்தில் கலம் மிதந்தது. கொஞ்சம் ஒழுகியது, மறைப்பானேன்? ஆனால் மிதந்தது.

பட்டறை வழக்கத்தையே எடுத்துச் சொன்னேன். இது நீர் கண்ட கலம். இவர்கள் அதில் வேலை செய்த கைகள். திட்டையனார் என்னை நெடுநேரம் முறைத்தார். பிறகு, விடிந்ததும் மாணவரைப் பட்டறைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் பட்டறையில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்டார்கள். தத்தை திட்டையனாருக்கு எதிரே அமர்ந்து, அவர் வைததை அவர் குரலிலேயே சொல்லிக்காட்ட, அவரே சிரித்தார். கரையிலிருந்து எனக்கு அது கேட்டது. என்னை அழைக்க எவருக்கும் தோன்றவில்லை. பேரெயிலூர்க் கல்லூரியில் என்னை உப்பளத்தாள் என்று ஒதுக்கி இலை போட்டார்கள். உப்பளத்துக்குப் போனால், என் தந்தை தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் அப்பா என்றால், "இருக்கட்டும் அம்மா" என்கிறார். எங்கள் குடியில் முதலில் படித்தவள் என்று தாங்கள் அவையில் என்னைப் புகழ்ந்தீர்கள். அந்த முதலிடத்தில் என்னோடு வேறு எவரும் இல்லை என்பதைத் தாங்கள் சொல்லவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை, தெரிவிக்கிறேன்.

இனி ஆணை. முற்றத்துக் கலம் கழிமுகத்திலேயே நிற்க. தேர்வு நீரிலேயே நடக்க, ஆசிரியரும் பட்டறைத் தலைவரும் சேர்ந்தே தேர்ச்சி சொல்க. பட்டறைத் தச்சர் முறைவைத்துச் சாலையில் கற்பிக்க, ஆசிரியர் முறைவைத்துப் பட்டறையில் நின்று கற்க. மாணவர் எவரையும் வாயிலில் திருப்பாதொழிக. இவ்வாறு கணையாழி பொறித்து அறிவித்துவிட்டேன். தாங்கள் இதை உறுதிசெய்து, சங்குத் தீவு ஓலையை முத்திரையின்றித் திருப்பியருள வேண்டும். தவறென்று கண்டால் என்னைப் பதவி நீக்குக. அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்.

ஓதவாயில் ஓதம் ஏறி இறங்கும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. இதை மாற்றுவோர் ஒழுகும் கலத்தில் கடல் கடப்பாராக.

சேந்தி, தன் கையெழுத்து. கணையாழிப் பொறி இட்டது.

தங்கள் மறுமொழியைப் பட்டறை வாயிலுக்கே அனுப்புக. என் மாளிகையில் அதை வாங்க ஆளில்லை.