ஸ்டெல்லாவின் விஷமில்லாத கிருமிகள்

என் பிரியமான ஸ்டெல்லா,

நீ கண்மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும், "அண்ணின்னு கூப்பிட்டா அடிப்பேன்" என்றவள் நீ. அதனால் இப்போதும் பெயர்தான்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் பெட்டியை அழித்துவிடலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

கோடை முடியும் சமயம் அது. நம் ஆய்வகத்து ஃப்ரீசரில் இடமில்லை, கேட்பாரில்லாத பெட்டிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று உத்தரவு. பட்டியலில் உன் பெட்டியும் இருந்தது. இரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல், செம்பாக்கத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரியில் நீ தண்ணீர் எடுத்து, அதிலிருந்து பிரித்து வளர்த்த காலராக் கிருமிகள். எண்பத்தொரு சிறு குழாய்கள்.

அந்த வேலையை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! பக்கத்து மேசையிலிருந்து, "நோயே தராத கிருமிய எதுக்குடி சேக்கற?" என்று கேட்பேன். நீ நிமிராமலே பதில் சொல்வாய்: "தரலன்னு யாராவது எழுதி வெச்சிருக்கணும் இல்ல?"

வெளியே யாருக்கும் இது அவ்வளவாகத் தெரியாது. காலராக் கிருமி எல்லாமே ஆளைக் கொல்வதில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, அது பாட்டுக்கு இருக்கும். எப்போதோ ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்த நச்சு மரபணு எந்த வகையில் இருக்கிறதோ, அதுதான் குடலில் இறங்கி உடம்பின் தண்ணீரையெல்லாம் வெளியே இறைத்துவிடும். உன் எண்பத்தொன்றிலும் அந்த மரபணு இல்லை. இல்லாததை எதற்கு வைத்திருப்பது என்றுதான் கையெழுத்திட்டேன். கிருமிகளை வேகவைத்து அழிக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் உன் பெட்டி பிழைத்தது. அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

மழை தொடங்கியதும் நம் தெருவுக்குப் பின்னால் இரண்டு தெருக்களில் வாந்தியும் பேதியும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போகிறது என்றார்கள். மாதிரிகள் நம்மிடம் வந்தன. மறுநாள் காலை கிருமி வளர்க்கும் பச்சைத் தட்டுகளில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாக வளர்ந்திருந்தன. மரபணுச் சோதனையில் நச்சும் தெரிந்தது. சந்தேகமே இல்லை, காலராதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குச் சிறுநீரகம் வரை போய்விட்டது. அவர் தேறி வீடு திரும்பப் பத்து நாள் ஆனது.

உன் செந்தில் இப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். நீ போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல் அதில் போய்ச் சேர்ந்தான். ஏரிக்கரைக் குடிசைகளை உடனே அகற்ற வேண்டும் என்று மனு தயாரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். என்னிடமும் நீட்டினான்.

"ஏரியிலேர்ந்து வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க கலா. அவங்க கரையிலதான் ஒதுங்கறாங்க. வேற எங்கேர்ந்து வரும்?"

"தெரியலண்ணா. பாக்கணும்."

"நீ பாத்து முடிக்கறதுக்குள்ள இன்னும் நாலு பேர் படுத்துடுவாங்க."

"தப்பான எடத்தைச் சுத்தம் பண்ணாலும் நாலு பேர் படுப்பாங்க."

அவன் கோபத்தோடு எழுந்து போனான். நான் கையெழுத்துப் போடவில்லை. முதல் கையெழுத்தை அவ்வளவு சுலபமாகப் போட்டவள், இதில் மட்டும் ஏன் தயங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

மறுநாள் உன் பெட்டியைத் திறந்தேன். ஏரியில் ஐந்து இடங்களில் புதிதாகத் தண்ணீர் எடுத்தேன். நோய் வந்த வீடுகளின் குழாய்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் உன் கிருமிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தேன். புதிய ஏரித் தண்ணீரில் கிடைத்தவை உன்னுடையவற்றைப் போலவே விஷமில்லாதவை. நோயாளிகளிடம் இருந்த கிருமி இரண்டு வீட்டுக் குழாய்களில் கிடைத்தது. ஏரியில் கிடைக்கவில்லை. "இல்லை" என்று நான் எழுதவில்லை, ஸ்டெல்லா. "கிடைக்கவில்லை" என்றுதான் எழுதினேன். ஆனால் இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை என்று எழுத முடிந்தது உன்னால்தான்.

என் அறிக்கையைப் பார்த்து மாநகராட்சி ஆட்கள் தெருமுனையில் தோண்டிப் பார்த்தார்கள். சாக்கடையை ஒட்டிப் போன குடிநீர்க் குழாயில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதை மாற்றி, மருந்து போட்ட பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை.

அறிக்கையைப் படித்துவிட்டு செந்தில் ஆய்வகத்துக்கே வந்தான். உன் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றான். கையுறை மாட்டிவிட்டேன். "ரெண்டு நிமிஷம்தான். உருகிடுச்சுன்னா செத்துடும்" என்றேன். குழாய்களில் நீ எழுதிய தேதிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தான். ஒன்றில் நின்றான்.

"இது எங்க கல்யாண நாள். அன்னைக்கு இரும்புலியூர் சர்ச்சுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா."

"போயிருப்பா. ஏரி வழியா போயிருப்பா."

சிரித்தான். இந்தப் பதினொரு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பெட்டியை நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன். கையுறையைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அந்த ஞாயிறு கூட்டத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். இரண்டு பேர் சங்கத்தை விட்டே விலகினார்கள். எதிர்வீட்டுக்காரர் இன்னும் அவனோடு பேசுவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால், உனக்கு நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு நிறுத்தியிருப்பேன்.

போன வாரம் ஏரிக்கரைக்குப் போனேன். உங்கள்மேல் தவறில்லை என்று சொல்லத்தான். கொஞ்சம் நன்றியையும் எதிர்பார்த்துப் போனேன், உன்னிடம் மறைப்பானேன்? முனியம்மா என்ற பெண் பிளாஸ்டிக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"நல்லா இரும்மா. ஏரி மேல தப்பு இல்லன்னு எழுதிக்கினே. எங்காளுங்க மூணு பேருக்குப் பேதி புடிச்சுதே, அத்த எழுதினியா?"

எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கா? எப்போ?"

"அப்பத்தான். நாங்க குடிக்கறது இன்னா ஏரித் தண்ணியா? உங்க தெருக் கொயாயிலதான் புடிச்சினு வரோம். கஞ்சித் தண்ணியும் உப்பும் குடிச்சே எழுந்துச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா, உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்வாங்கோன்னு போவல."

குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலும் சொன்னார்: "ஒடஞ்ச பைப்ப மாத்திட்டாங்கோ. எங்களாண்ட ஒடையறதுக்கே ஒரு பைப்பு இல்லியேம்மா."

என் பட்டியலில் அந்த மூன்று பெயர்களும் இல்லை. இருநூறு அடி தூரத்தில் நின்று ஏரித் தண்ணீரை அள்ளியிருக்கிறேன். அந்தக் குடிசைகளில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்டிருப்பாயா? சனிக்கிழமைகளில் அவர்களோடு பேசியிருப்பாயா? முனியம்மாவிடம் உன்னைப் பற்றி விசாரிக்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

செந்திலிடம் சொன்னேன். "அவங்களுக்குக் குழாய் கேக்க சங்கத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்றான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "குழாய் கேட்டு எம்பேர்ல எழுதித் தரேன். நீ ஒரு தடவ படிச்சுப் பாரு" என்றான்.

அறிக்கையைத் திருத்துகிறேன், ஸ்டெல்லா. ராணி, குப்பன், அஞ்சலை: மூன்று பெயர்களும் அதில் இருக்கும். அந்தக் கரைக்கு ஒரு குழாய் வரும்வரை, அவர்கள் குடத்தில் இருக்கும் தண்ணீரை வாராவாரம் நானே எடுத்துப் பார்ப்பேன். பார்த்ததை அவர்களிடம்தான் முதலில் சொல்வேன்.

அண்ணியென்று ஒரு நாளும் உன்னை அழைக்காத,
உன் நாத்தனார்
கலா