நூற்றெட்டு நமஸ்காரம்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். வரும் வியாழன் காலை ஏழு மணிக்கு உன் அத்தானுக்கு இதய ஆபரேஷன். அந்த நேரத்தில் நூற்றெட்டு நமஸ்காரம் செய்வதாகச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். என் முட்டிதான் உனக்குத் தெரியுமே, கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். எனக்காக நீ செய். நாள் முழுக்க யோகா வகுப்பில் ஊரையே குனிய நிமிர வைக்கிறவனுக்கு இது பெரிதில்லை. விளக்கேற்றி, அவரை நினைத்துச் செய்.

முட்டிக்காக நீ வரைந்து அனுப்பிய பயிற்சிப் படங்கள் அலமாரியில் அப்படியே கிடக்கின்றன. திட்டாதே.

உன் அக்கா

மார்ச் 7

அக்கா,

முடித்துவிட்டேன். நூற்றெட்டு. அத்தான் எப்படி இருக்கிறார்?

தம்பி

மார்ச் 15

அருமைத் தம்பிக்கு,

அத்தான் பிழைத்துவிட்டார். நேற்று வராந்தா முனை வரை நடந்தார். காபியில் சர்க்கரை இல்லை என்று நர்ஸிடம் சண்டை வேறு. டாக்டர் தன் கைராசி என்கிறார், நான் என் தம்பியின் நமஸ்காரம் என்கிறேன். வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, அவருக்காகவும் நீ செய்வாயா என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்கிற ஆளா நீ? வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபரேஷன்.

உன் அக்கா

மார்ச் 18

அக்கா,

அந்த அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிடு.

அந்த வியாழன் ஏழு மணிக்கு எனக்கு வகுப்பு இருந்தது. ஆண்டு நிறைவுக்காக முப்பது பேர் சேர்ந்து நூற்றெட்டு சூரிய நமஸ்காரம். எண்ணிக்கை ஒன்றுதானே, நெற்றியும் தரையில் படுகிறதே என்று அதையே உன் வேண்டுதலாக வைத்துக்கொண்டேன். விளக்கு இல்லை, எதிரே சுவர் அகலக் கண்ணாடி. "மூச்சை விடுங்க, முழங்கையை உள்ளே கொண்டு வாங்க" என்று கத்திக்கொண்டே செய்தேன். எழுபத்திரண்டில் அத்தான் நினைவு வந்தது. அதற்குள் ஒருவருக்கு இடுப்பு சாய்ந்தது, திருத்தப் போய்விட்டேன்.

இப்போது அந்த அறையில் குனியவே கூசுகிறது. அவர் பிழைத்திருக்காவிட்டால் இதை உனக்கு எழுதியிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். எழுதியிருக்க மாட்டேன்.

தம்பி

மே 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தையல் வலிக்கச் சிரித்தார். "எழுபத்திரண்டுல நினைச்சானே, அதுவே பெரிசு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை மாதம் உனக்கு எழுதவும் கை வரவில்லை. அந்த அம்மாவிடம் நீ வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். பொய் சொன்னது நீ மட்டுமில்லை.

வேண்டிக்கொண்டவள் நான், முட்டி மட்டும் உன்னுடையதா? உன் படங்களைத் தேடி எடுத்தேன். முட்டிக்கு அடியில் மடித்த போர்வை, ஒரு கை கட்டில் காலில், மூச்சை விட்டபடி குனி என்று போட்டிருந்தாய். நேற்று விளக்குக்கு முன்னால் ஒன்று செய்தேன். இன்று இரண்டு. எழும்போது அழுதேன், வலியில்தான்.

இன்னும் நூற்றைந்து இருக்கிறது. நீ செய்யாதே. நாலாவது படத்தில் முதலில் மடக்க வேண்டியது இடது காலா வலது காலா என்று தெரியவில்லை. அதை மட்டும் எழுது.

அக்கா