நாலு பேர் நின்றால்தான் கூட்டம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். போன இரண்டு கடிதத்திலும் இந்த வார்த்தை எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். நீங்களும் அதைக் கவனித்து, ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இப்போது எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட்டு உடனே மாடி ஏறினால் தைலம் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்.

கடிதம் எழுதுவது எப்போதும் அவர் வேலை. நான் பக்கத்தில் நின்று அதைச் சொல்லுங்கள், இதை விட்டுவிட்டீர்கள் என்று பிடுங்குவேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை உங்களோடு வந்து இருந்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும், மாதக் கடைசியில் உங்கள் மகன் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்றும். படித்துவிட்டு அழுதேன். இந்தக் கடிதம் அதற்குப் பதில்தான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் தெருவில் எல்லோரிடமும் தம்பி கச்சேரியில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவரும் திருத்தாமல் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அண்ணி, அவருக்கு ஒரு பீப்பி கூட ஊத வராது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நகரசபை பூங்காவில் இலவசமாகக் கச்சேரி வைக்கிறது. ஊர்க்காரர்களும் கேட்கலாம், சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் கேட்கலாம். அங்கே நாற்காலி போடுவதுதான் அவர் வேலை. இருபத்தொரு வருடம் போட்டார். கச்சேரியில்தான் இருந்தார், நீங்கள் சொன்னதில் பொய் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நகரசபையிலிருந்து ஒரு அதிகாரிப் பெண் வீட்டுக்கு வந்தாள். இந்த வருடம்தான் வேலைக்கு வந்தவள். கலை, சுற்றுலா, பொழுதுபோக்கு மூன்றும் அவள் ஒருத்தி தலையில். நாற்காலிக் கிடங்கின் இரண்டாவது சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது, அதைக் கேட்டு வந்தாள். அந்த நீலச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. சாவியை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உங்களுக்குத் தெரியுமே, எங்கள் வீட்டில் மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டே நாற்காலி. அவள் அவருடையதில் உட்காரப் போனாள். "அதுல வேண்டாம்மா, இதுல உக்காரு" என்று என்னுடையதை இழுத்துப் போட்டுவிட்டு நான் நின்றேன். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. பாதிதான் உட்கார்ந்தாள்.

சாவியை வாங்கிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக் கச்சேரியையே நிறுத்திவிடப் போகிறார்கள் என்றாள். அவர் போன பிறகு கூட்டம் விழுந்துவிட்டதாம். பாதி நாற்காலி கூட நிறையவில்லையாம். அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தால், அந்த இடத்தில் இனி கச்சேரி வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வண்டி விடலாம் என்று நகரசபைத் தலைவர் முடிவு பண்ணிவிடுவாராம். வாத்தியக் குழுத் தலைவர், எப்போதும் தொப்பியோடு இருப்பதால் நாங்கள் தொப்பி என்றே சொல்வோம், அவர் "காலி நாற்காலியப் பாத்து ஊதினா குழல்ல வெறும் காத்துதான் வருது" என்று கொம்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

அவர் போனார், சரி. அவர் நின்ற இடமாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். எழுபது, எழுபத்தைந்து என்றாள்.

"எப்பவும் அவ்வளவு பேர்தானேம்மா வருவாங்க?" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து பழைய தாள்களை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வாரமும் கச்சேரி முடிந்ததும் நகரசபைக்கு ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும். நாற்காலிகள் நிறைந்தனவா என்று அதில் ஒரு கேள்வி. இருபத்தொரு வருடமும் உங்கள் தம்பி கையெழுத்தில் ஒரே பதில்: நிறைந்தது, நிறைந்தது, நிறைந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வர வேண்டும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணி. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். கிடங்கில் இருநூற்று நாற்பது மடக்கு நாற்காலி இருக்கிறது. அவர் ஒருநாளும் அத்தனையும் போட்டதில்லை. முப்பதோ நாற்பதோ போடுவார், மிச்சத்தை மேடைக்குப் பின்னால் சுவரில் சாய்த்துப் படுதா போட்டு மூடிவிடுவார். ஆட்கள் வந்து இடமில்லாமல் முழிப்பார்கள். உடனே இவர் கையிடுக்கில் ஒன்று ஒன்றாகச் செருகிக்கொண்டு ஓடிப்போய் விரித்துப் போடுவார். கடைசி ஆள் உட்காரும் வரைக்கும் இதே ஓட்டம். ஏன் இந்த வேண்டாத வேலை, மொத்தமாகப் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதானே என்று நான் திட்டாத நாளில்லை. "நாலு பேர் நின்னாத்தான்டி அது கூட்டம்" என்பார். நானும், "ஆமா, பெரிய மந்திரி, கூட்டம் சேக்கிறாரு" என்பேன்.

இந்தப் பெண் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறாள். தாளில் எல்லாம் நிறைந்தது என்று இருக்கிறதே, பாவம் ஜனங்களுக்கு நாற்காலி பத்தவில்லை போலிருக்கிறது என்று, ஸ்கேல் வைத்துப் படம் வரைந்து, இருநூற்று நாற்பதையும் நேர் நேராகப் போடச் சொல்லிவிட்டாள். எழுபது பேர் அதில் மூலைக்கொருவராகப் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்போ இது ஏமாத்து இல்லையாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "வராதவங்களுக்கு எதுக்கும்மா நாற்காலி?" என்றேன். அவள் சாவியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு நீங்களே வந்து போடுங்கள் என்றாள். என்னால் முடியாது, அந்தப் பக்கமே என்னை வரச் சொல்லாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கச் சாவி மேசையிலேயே கிடந்தது. துடைக்கும்போது தூக்குவேன், துடைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைப்பேன். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, கால் தானாகப் போயிற்று.

கிடங்கில் தள்ளுவண்டி, படுதா, பிசுக்குத் துணி எல்லாம் அவர் வைத்த மாதிரியே இருந்தது. முப்பது போட்டேன். முப்பது போடுவதற்குள் இரண்டு முறை விரல் நசுங்கியது. அவர் விரலில் ஏன் எப்போதும் நகம் கறுத்திருந்தது என்று இருபத்தொரு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். தொப்பி வந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார், நாற்காலியைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "முப்பதா? ஊதுறவங்களே பதினெட்டு பேர் இருக்கோம். நாங்களும் எறங்கி உக்காந்தா சரியாப் போயிடும்" என்றார். "நீங்க ஊதுங்க, மத்தது என் பாடு" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ.

ஐந்து மணிக்கு முப்பதும் நிறைந்தது. ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து நின்றார்கள். ஓடினேன். தையல்கடை அம்மா வந்தார், ஓடினேன். ஒரு பெரிய உடம்புக்காரர், முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் தம்பி நேர் நேராகப் போட மாட்டார், முன்வரிசையில் இரண்டு தோளுக்கு நடுவில் பின்வரிசை ஆளின் முகம் வருகிற மாதிரி அரை நாற்காலி தள்ளிப் போடுவார். நானும் தள்ளித் தள்ளிப் போட்டேன். இந்த நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றது. உள்ளே ஆட்கள் நிற்பதைப் பார்த்து, என்னமோ இருக்கிறது என்று கழுத்தில் கேமராவோடு பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. நாற்காலியை விரித்துக் காட்டினேன். அது எல்லோருக்கும் புரிந்தது.

கடைசியில் ஒருவர் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் ஒன்று கொண்டுபோய்ப் போட்டு, "உக்காருங்க, கால் வலிக்கும்" என்றேன். நன்றி சொல்லி உட்கார்ந்தார். பிறகுதான் அந்தப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்தான் நகரசபைத் தலைவர் என்றாள். நல்லவேளை, முன்னாலேயே தெரிந்திருந்தால் நாற்காலியைத் தலைகீழாக விரித்திருப்பேன்.

எண்பத்து நான்கு பேர். அதில் நாலு பேர் உட்காராமல் நின்றே கேட்டார்கள். தொப்பி முகம் சிவக்க ஊதினார். முடிந்தபோது ஜனங்கள் கை தட்டிய தட்டில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டது.

தாள் நிரப்பும்போது நான் அந்தப் பெண்ணிடம் ஒன்று சொன்னேன். நிறைந்ததா என்று கேட்காதே, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேள், அப்போது யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டாம் என்றேன். அவள் அதை அப்படியே தலைவரிடம் சொல்லிவிட்டாள், நாற்காலிக் கதையோடு சேர்த்து. அவர் சிரித்துவிட்டாராம். கச்சேரி தொடர்ந்து நடக்கும் என்று முந்தாநாள் கடிதாசி வந்தது. நாற்காலி போடும் வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டும் வண்டியும் வருகிறதாம், ஞாயிறு மட்டும் பூங்கா வாசலில் நிற்குமாம்.

பதில் உங்களுக்குப் புரிந்திருக்கும். மகனை அனுப்ப வேண்டாம் அண்ணி. கோபித்துக்கொள்ளாதீர்கள். தனியாக இருக்கிறேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. சாயங்காலத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்காக ஒரு கிடங்கு நிறைய வேலை காத்திருக்கிறது.

கச்சேரி முடிந்து அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். அவருடைய நாற்காலியை மேசைப் பக்கத்திலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்தேன். தூக்கிப் போடவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எதிரில் காலியாக வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். நீலச் சட்டையை மட்டும் இன்னும் துவைக்கவில்லை. அது இருக்கட்டும்.

அவர் போனபோது முழங்காலால் உங்களால் வர முடியவில்லை. அது உங்கள் மனதில் முள்ளாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீங்கள் எழுதாவிட்டாலும். கால் கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாருங்கள். உங்களுக்காக முன்கூட்டியே நாற்காலி போட்டு வைக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். வீட்டு வாசலில் வந்து கொஞ்சம் நில்லுங்கள். நான் உங்களைப் பார்த்துவிட்டு, சுவரோரம் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசி.

என்றும் உங்கள்,
தம்பி மனைவி