பாவாயி வீட்டு வள்ளமும் கருந்துளையின் நிழலும்

மே 12, திங்கள்

காலை முழுதும் மூடுபனி. மின்சாரம் இரண்டு முறை போனது. கோடை விடுமுறைக்கு, என் கணவர் கால்நடை மருத்துவராக இருக்கும் இந்த மலைமேல் அரியூர் நாட்டுக்கு வந்தால் அமைதியாக எழுதலாம் என்று நினைத்தது என் தவறு.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு மதிப்பாய்வாளரின் கேள்விகள் ஆறு. ஐந்து அற்பம். ஆறாவது: கருந்துளையைச் சுற்றிய ஒளிவளையத்தின் விட்டத்திலிருந்து, நடுவே இருக்கும் நிழலின் அளவைக் கணக்கிட்ட விகிதம் எங்கிருந்து வந்தது? எல்லோரும் பயன்படுத்துவதுதான்! படித்தாரா என்றே சந்தேகம். வெள்ளிக்குள் பதில். மூன்று வருட வேலை. தொலைநோக்கிப் படத்துடன் மாற்று ஈர்ப்புக் கொள்கை பொருந்தவில்லை, பொதுச் சார்பியல் (பொ.சா.) பொருந்துகிறது என்பது எங்கள் முடிவு. இது வெளிவந்தால்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியும்.

வாங்க வேண்டியவை: மெழுகுவர்த்தி, தயிர், இவருக்கு பிளேடு.

வீட்டுக்காரம்மா செல்லம்மாள் என் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், மூணு நாளா அதே படமுங்களா? உளுந்து வடையாட்ட இருக்குதுங்க."

மே 13, செவ்வாய்

வெயில். செல்லம்மாள் வாசலில் சாமை அளந்துகொண்டிருந்தார். தானியம் அளக்கும் பழைய தகர வள்ளம். அளவு சரிதானா என்றேன்.

"சரிதானுங்க. பக்கத்துல பாவாயி ஊட்டு வள்ளத்துல கொட்டிப் பாத்தேன். ஒரு மணி கூடல, கொறையல."

"அவங்களுது சரின்னு எப்படித் தெரியும்?"

"எங்களுதப் பாத்துத்தானுங்க அடிச்சாங்க."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மாலை சாலை வளைவு வரை நடை. செல்போன் சிக்னல் அங்கேதான். ஜேம்ஸ் (கட்டுரையில் கூட்டாளி, கல்லூரியில் அடுத்த அறை): "மேடம், எல்லாரும் அந்த நம்பரைத்தான் போடுறாங்க. நாலு மேற்கோள் குடுத்து முடிச்சிடுங்க." சரி என்றேன்.

மே 14, புதன்

மழை. மேற்கோளுக்காக, அந்த விகிதம் முதலில் வந்த கட்டுரையைப் பிற்சேர்க்கை வரை படித்தேன். மூன்று வருடத்தில் முதல் முறை. வெட்கம். கணினியில் உருவாக்கிய கருந்துளைப் படங்களிலிருந்து எடுத்த விகிதம். அத்தனை படங்களும் பொ.சா.வை வைத்து உருவாக்கியவை. பொ.சா. தந்த அளவால் அளந்து, பொ.சா. சரி என்று முடிவு. பாவாயி வீட்டு வள்ளம்.

மாற்றுக் கொள்கையிலும் படங்கள் உருவாக்கி அளக்க வேண்டும். இரண்டு வருடம். இப்போதைக்கு ஒரு தோராயக் கணக்கு போட்டேன். இரண்டு கொள்கைகளும் படத்துடன் பொருந்துகின்றன; எங்கள் முடிவு நிற்காது. எரிச்சல். இந்த முறை மதிப்பாய்வாளர் மேல் அல்ல.

இவரிடம் சொன்னேன். "நாலு பேருக்குத்தானே புரியும், விடேன்." பசியோடு இருந்தார்.

மே 15, வியாழன்

மறுபடி வளைவு. ஜேம்ஸ் "அவசரப்படாதீங்க மேடம்" என்று மூன்று முறை. பிறகு "உங்க இஷ்டம்." கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். போய்ச் சேர ஆறு நிமிடம்.

திரும்பும்போது செல்லம்மாள் பஸ்ஸுக்கு நின்றார். கையில் வள்ளம்.

"நீங்க சிரிச்சது உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. அடிவாரத்துல காரவள்ளிக் கடையில சர்க்கார் முத்திரை போட்ட படி இருக்குது. அதுல அளந்து பாத்துட்டு வாரேன்."

சிரித்திருக்கக் கூடாது என்றேன். என் வளையத்தின் அளவும் பாவாயி வீட்டு வள்ளம்தான் என்றேன்.

நம்பாமல் பார்த்தார். "அட சாமி! அப்ப உங்களுதுக்கு எங்கீங்க போவீங்க?"

பஸ் வந்துவிட்டது.