பதில் பேச முடியாத திட்டு

வியாழன், இரவு.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மகள் ஷீபாவின் டப்பாவுக்குச் சோறு வடித்தேன். ஷூ கம்பெனியில் இது ஷிப்மென்ட் வாரம், வர லேட்டாகும் என்று சொல்லித்தான் போனாள்.

எட்டு மணி ஜெபத்துக்கு எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும், ஜெபம் முடியாமல் சாப்பாடு கிடையாது. இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கும் என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் அதுதான். இன்று அவள் வரும்போது எட்டரை. இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அடங்காத பிள்ளையை அடக்கும். இந்த வேலையை அவளை விட்டு எடுத்துப்போடும்" என்று ஆரம்பித்தார். மனுஷன் திட்டினால் பதில் பேசலாம். ஜெபத்துக்கு நடுவே யார் வாய் திறப்பது? அது தெரிந்துதான் செய்கிறார்.

பழக்கத்தில் நான் ஆமென் சொல்லிவிட்டேன். அவள் சொல்லவில்லை.

"ஆமென் சொல்லிட்டு சாப்புடு."

"என் வேலை போவணும்னு நானே இன்னாத்துக்குப்பா ஆமென் சொல்லணும்?"

"அப்போ தட்டைத் தொடாதே."

அவள் என்னைப் பார்த்து, "நீயுமாம்மா?" என்றாள். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள்.

பெற்ற பிள்ளையைப் பட்டினி போடவா முழங்கால் போடுவது? இப்படியே தினமும் ஜெபித்தால் அவளே வெறுத்துப்போய் வேலையை விட்டுவிடுவாள். அதுதான் இவருக்கு வேண்டும்.

நாளைக்கு இவர் ஜெபத்தை முடித்ததும் நான் முழங்காலிலிருந்து எழுந்திருக்கப்போவதில்லை. "ஆண்டவரே, என் மகளின் வேலையைக் காத்துக்கொள்ளும், அவள் அப்பாவுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று சத்தமாகவே ஜெபிப்பேன். குறுக்கே பேச இவராலும் முடியாது.